எஃப்-எஸ் கமாண்டோ கத்தி: பழைய பதிப்புகளை இனம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் சுற்றுகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். பழைய பதக்கங்கள், துருப்பிடித்த ஹெல்மெட், நாலைந்து பித்தளைப் பொத்தான்கள். அவற்றுக்கு நடுவே ஒல்லியான, இருபுறமும் கூரான ஒரு குத்துக்கத்தி. "போர்க்காலத்து கமாண்டோ கத்தி, ஒரிஜினல்" என்பார் விற்பவர். ஒரிஜினலாகவே இருக்கலாம். ஆனால் எந்த ஒரிஜினல்? 1941-இல் வந்ததா, 1943-இல் வந்ததா, இரண்டாம் உலகப் போர் முடிந்து பல வருடம் கழித்து இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்ததா? மூன்றுக்கும் விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

நான் முதலில் வாங்கிய கத்தியில் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அலகில் எழுத்து இருந்தது, பிடிக்கு முன்னால் குறுக்காக நிற்கும் கார்டில் அம்புக்குறி இருந்தது, அதுவே போதும் என்று நினைத்தேன். முத்திரையைப் பார்த்துக் கத்தியை நம்பினேன். கத்தியைப் பார்த்துவிட்டுத்தான் முத்திரையை நம்ப வேண்டும் என்பது பணம் போன பிறகு புரிந்தது. இந்த வழிகாட்டியின் வரிசையும் அதனால்தான் இப்படி: முதலில் உடம்பு, அப்புறம்தான் எழுத்து.

கத்தி எப்படிப் பிறந்தது

ஷாங்காய் மாநகரக் காவல்துறையில் நீண்ட காலம் இருந்தவர்கள் வில்லியம் யூவர்ட் ஃபேர்பெர்னும் எரிக் அந்தோனி சைக்ஸும். தெருச்சண்டை, கைச்சண்டை, கைத்துப்பாக்கி எல்லாம் அங்கே கற்றார்கள், கற்றுக்கொடுத்தார்கள். 1940-இல் பிரிட்டன் திரும்பி, புதிதாக உருவாகிக்கொண்டிருந்த கமாண்டோ படைகளுக்குப் பயிற்சி தர ஆரம்பித்தார்கள். அந்த வருட நவம்பரில் லண்டனின் வில்கின்சன் ஸ்வோர்ட் நிறுவனத்தாரோடு உட்கார்ந்து பேசியதில் பிறந்ததுதான் இந்தக் கத்தி. இருவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து எஃப்-எஸ். 1941 ஆரம்பத்தில் முதல் கத்திகள் வெளிவந்தன.

இந்த இடத்தில் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வில்கின்சன் வாள் செய்து பெயர் வாங்கிய நிறுவனம். முதல் கத்திகளை வாள் செய்கிற மாதிரியே, கையால் சாணை பிடித்து, நிக்கல் முலாம் பூசி, எழுத்துப் பொறித்துச் செய்தார்கள். ஆனால் போர் நடந்துகொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் வேண்டும், சீக்கிரம் வேண்டும், பித்தளை தோட்டா செய்யவும் வேண்டும். அதனால் வருடம் போகப் போக ஒவ்வொரு வேலையாகக் கழற்றிவிட்டார்கள். எது கஷ்டமான வேலையோ அது முதலில் போனது. கையில் இருக்கும் கத்தியைப் பார்த்து "இதில் எந்தெந்த வேலை மிச்சம் இருக்கிறது?" என்று கேளுங்கள். காலம் தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

சேகரிப்பவர்கள் இதை மூன்று பேட்டர்ன்களாக, அதாவது மூன்று வடிவப் பதிப்புகளாகப் பிரிக்கிறார்கள்: முதல், இரண்டாம், மூன்றாம் பேட்டர்ன்.

படி 1: கார்டைப் பாருங்கள்

பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக நிற்கும் தகடுதான் கார்டு. ஐந்து வினாடியில் ஒரு பதில் வேண்டுமென்றால் இதைப் பார்த்தால் போதும்.

கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் பாருங்கள். கார்டின் ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயும் வளைந்து, ஆங்கில எழுத்து எஸ் படுத்திருப்பது போலத் தெரிந்தால் அது முதல் பேட்டர்ன் வடிவம். அகலம் சுமார் 3 அங்குலம். நேராக, வளைவு இல்லாமல், முட்டை வடிவத்தில், சுமார் 2 அங்குல அகலத்தில் இருந்தால் இரண்டாம் அல்லது மூன்றாம் பேட்டர்ன். வளைப்பது ஒரு தனி வேலை, அகலமான தகட்டுக்கு உலோகமும் கூடுதல். இரண்டும் 1942 ஆகஸ்ட் வாக்கில் போய்விட்டன.

விதிவிலக்குகள் உண்டு. இரண்டாம் பேட்டர்ன் உடம்பில் அகலமான நேர் கார்டு கொண்ட கத்திகளும் இருக்கின்றன. அபூர்வம் என்பதால் அவற்றுக்குத் தனி விலை. தனி விலை என்றாலே தனிப் போலியும் வரும். நேர் கார்டை வைஸில் வைத்து வளைத்து "முதல் பேட்டர்ன்" ஆக்கும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். அப்படி வளைத்தது 2 அங்குலத் தகடாகத்தான் இருக்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் வெர்னியரை எடுத்து அளந்துவிடுங்கள்.

படி 2: அலகின் அடிப்பகுதி

முதல் பேட்டர்னை உறுதி செய்வது கார்டு அல்ல, இந்த இடம்தான். என் கருத்தில் கத்தி முழுவதிலும் போலி செய்ய மிகக் கடினமான பகுதியும் இதுதான்.

முதல் பேட்டர்னில் கார்டுக்கு முன்னால் சிறிது தூரம் அலகு கூர்மை இல்லாமல் தட்டையாக, சதுரக் கட்டை போல இருக்கும். இதற்கு ரிகாஸோ என்று பெயர். வாளிலிருந்து வந்த பழக்கம். அந்தத் தட்டை முடிகிற இடத்திலிருந்துதான் இருபுறமும் விளிம்பு ஆரம்பிக்கும். கையால் சாணை பிடித்ததால் தட்டையும் சரிவும் சந்திக்கும் கோடு ஒரு கத்திக்கும் இன்னொரு கத்திக்கும் சற்று மாறும். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும்கூட மாறும். அந்தச் சிறு கோணலைக் குறை என்று எண்ண வேண்டாம், அதுதான் கத்தியின் கையெழுத்து. இரண்டு பக்கமும் அளவெடுத்தது போலக் கச்சிதமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

இரண்டாம் பேட்டர்னில் ரிகாஸோ கிடையாது. விளிம்பு நேராகக் கார்டுவரை போய் முட்டும். மூன்றாவதிலும் அப்படியே. அலகின் நீளமும் மாறியது: முதலாவதில் சுமார் 6.5 அங்குலம், பிந்தையவற்றில் ஏறக்குறைய 7.

நீளத்தை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. இந்த அலகின் முனை மிக மெல்லியது. குத்துவதற்குச் செய்த கத்தி அது, ஆனால் சிப்பாய் கையில் கிடைத்தால் தகரடப்பாவும் திறப்பான், பெட்டி மூடியும் நெம்புவான். முனை உடைந்து, மறுபடி தீட்டி, கால் அங்குலம் அரை அங்குலம் குறைந்த கத்திகள் நிறையவே உண்டு. அலகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கார்டிலிருந்து முனைவரை இரண்டு விளிம்பும் ஒரே சீராகக் குறுகுகின்றனவா என்று பாருங்கள். கடைசி ஓர் அங்குலத்தில் மட்டும் திடீரென்று குறுகினால் பிற்பாடு யாரோ தீட்டியது. உண்மையான கத்திதான், ஆனால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

அலகின் குறுக்குவெட்டு எல்லாப் பேட்டர்னிலும் வைர வடிவம். நடுவில் ஓடும் முதுகுக் கோட்டை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். போர்க்காலக் கத்தியில் அது தெளிவாக உணரும்படி இருக்க வேண்டும். மழுங்கி வழவழப்பாக இருந்தால் யாரோ பஃபிங் மெஷினில் ஏற்றியிருக்கிறார்கள். அப்படி ஏற்றும்போது பொறித்த எழுத்தும் சேர்ந்தே போயிருக்கும்.

படி 3: பிடி

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிப்பது பிடி.

முதல் இரண்டு பேட்டர்ன்களில் பிடி கட்டிப் பித்தளை. நடுவில் லேசாகப் பருத்து, இரண்டு பக்கமும் ஒடுங்கும் பாட்டில் வடிவம். கை வழுக்காமல் இருக்க மேற்பரப்பு முழுக்கக் குறுக்கு நெடுக்கான சிறு கட்டங்கள். நம்மூர் லேத் பட்டறையில் நர்லிங் என்பார்களே, அதேதான். ஆரம்பத்தில் அதன்மேல் நிக்கல் முலாம் பூசினார்கள். இரவில் ஒளிந்து போகிறவன் கையில் பளபளவென்று மின்னும் கத்தி! அது சரிவராது என்று பிற்பாடு கருமையாக்கினார்கள். ஆக, கட்டம் போட்ட பிடியில் நிக்கல் என்றால் முந்தையது, கறுப்பு என்றால் பிந்தையது என்று தோராயமாகச் சொல்லலாம். தோராயமாகத்தான். எண்பது வருடத்தில் முலாம் தேய்ந்து அடியிலுள்ள பித்தளை மஞ்சளாகத் தெரிவது சகஜம். முலாம் தேய வேண்டிய இடம் உள்ளங்கை படும் மேடு. பள்ளத்தில் தேய்ந்து மேட்டில் புதிதாக இருந்தால் அந்தத் தேய்மானம் காலத்தால் வந்ததல்ல, கம்பித் தூரிகையால் வந்தது.

1943 அக்டோபரில் மூன்றாம் பேட்டர்ன் வந்தது. கட்டிப் பித்தளையும் போனது, லேத் வேலையும் போனது. பதிலுக்கு அச்சில் ஊற்றி வார்த்த பிடி. மேலிருந்து கீழ்வரை வளையம் வளையமாக வரிகள், கைநிறைய மெல்லிய வளையல் அடுக்கியது போல இருக்கும். வடிவம் மட்டும் அதே பாட்டில். இன்று உலகம் முழுக்க "கமாண்டோ கத்தி" என்று கண்ணுக்குப் பழகியிருப்பது இந்த வளைய வடிவம்தான். காரணம், மூன்றாவது அதிகம் செய்யப்பட்டது என்பதோடு, போருக்குப் பின்னும் அதே வடிவத்தில் தொடர்ந்தார்கள். எனவே வளையப் பிடி இருந்தால் "1943-க்குப் பின்" என்று மட்டும்தான் சொல்ல முடியும். போர்க்காலம் என்று சொல்ல இன்னும் சான்று வேண்டும்.

அந்தச் சான்றுகளில் ஒன்று பிடியின் உச்சியில் இருக்கிறது. போர்க்கால மூன்றாம் பேட்டர்ன் வார்ப்புகளில், உச்சி நட்டுக்குச் சற்றுக் கீழே, 1 முதல் 4 வரையிலான ஏதாவது ஓர் எண் புடைப்பாகத் தெரியும். எந்த அச்சில் வார்த்தது என்பதற்கான குறி. குத்திய எண்ணாக, பள்ளமாக இருந்தால் அது வேறு சங்கதி. வார்ப்பில் வந்தது மேடாகத்தான் நிற்கும்.

கையோடு ஒரு காந்தத்தையும் கொண்டுபோங்கள். பித்தளையிலும் ஒட்டாது, வார்ப்புக் கலவையிலும் ஒட்டாது. பிடியில் காந்தம் ஒட்டினால் மலிவுப் பிரதி, அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

வளையங்களுக்கு நடுவே மணி மணியாகப் புடைப்பு உள்ள பிடிகள், மரப்பிடி போட்டவை என்று போர்க்காலத்திலேயே சில வேறுபாடுகளும் உண்டு. மூன்று பேட்டர்ன் கணக்குக்குள் இவை அடங்காது. முதல் கத்தி வாங்குகிறவர் இந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

படி 4: உச்சி நட்டு

அலகின் தண்டு பிடிக்குள் முழுக்க ஓடி மேலே வெளிவருகிறது. அதன் நுனியில் மரை. அதில் ஒரு சிறு நட்டைப் போட்டு இறுக்கியிருப்பார்கள். இங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: நட்டில் பிளையர் பிடித்த தடம் இருக்கிறதா? இருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். கழற்றினால் பிடியை மாற்றலாம், கார்டை மாற்றலாம். மூன்றாம் பேட்டர்ன் அலகில் கட்டம் போட்ட பித்தளைப் பிடியை ஏற்றி இரண்டாம் பேட்டர்ன் என்று விற்பது இப்படித்தான் நடக்கிறது. கார்டுக்கும் பிடிக்கும் நடுவிலுள்ள இடுக்கையும் பாருங்கள். எண்பது வருட அழுக்கும் பச்சைக் களிம்பும் அங்கே அடைந்திருக்க வேண்டும். துடைத்து வைத்தது போல இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

படி 5: எழுத்தும் முத்திரையும்

இப்போது எழுத்துக்கு வரலாம்.

முதல் பேட்டர்னின் ரிகாஸோவில் ஒரு பக்கம் "தி எஃப்-எஸ் ஃபைட்டிங் நைஃப்" என்று ஆங்கிலத்தில் இருக்கும், மறுபக்கம் குறுக்கு வாள்களோடு வில்கின்சனின் பெயர். இவை அமிலம் வைத்துப் பொறித்தவை. உளியால் வெட்டியதோ அச்சால் குத்தியதோ அல்ல. அமிலப் பொறிப்பு ஆழமாக இருக்காது. உருப்பெருக்கியில் பார்த்தால் எழுத்தின் அடிப்பகுதி சொரசொரப்பாக, மங்கலாகத் தெரியும். லேசர் பொறிப்பில் நுண்ணிய இணைகோடுகள் தெரியும், எழுத்தின் ஓரத்தில் சூடு பட்ட நிறம் இருக்கும். அது நம் காலத்துச் சரக்கு.

இரண்டாம் பேட்டர்னில் வில்கின்சன் செய்தவற்றில் சிலவற்றுக்குப் பொறிப்பு உண்டு. ரிகாஸோ இல்லாததால் அலகின் சரிவின் மேலேயே அது இருக்கும். பலவற்றில் எதுவுமே இருக்காது. எழுத்து இல்லை என்பதற்காக இரண்டாம் பேட்டர்னை ஒதுக்காதீர்கள். எழுத்து இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பணத்தை அள்ளிக் கொடுக்கவும் வேண்டாம். அலகு நிஜமாகவும் எழுத்து மட்டும் புதிதாகவும் உள்ள கத்திகளே மிகவும் ஏமாற்றுபவை. எழுத்தின் பள்ளத்தில் உள்ள நிறமும் பக்கத்து உலோகத்தின் நிறமும் சேர்ந்து முதிர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் வழி. சொந்தப் பணத்தில் வாங்கிய அதிகாரிகள் சிலர் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டதும் உண்டு. பெயர் உள்ள கத்தி என்றால் கதை கிடைக்கும், கதைக்கு விலை கிடைக்கும். கூடவே கடிதமோ படைப்பதிவோ இல்லாத பெயருக்கு நான் ஒரு பென்னி கூடுதலாகத் தரமாட்டேன்.

மூன்றாம் பேட்டர்னில் கார்டில்தான் முத்திரை. அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதன் அடையாளம். அதன் பக்கத்தில் பி2 என்ற குறியும் ஓர் எண்ணும் சேர்ந்து இருப்பதைப் பல போர்க்காலக் கத்திகளில் காணலாம். இவை குத்திய முத்திரைகள். குத்தும்போது உலோகம் ஓரத்தில் லேசாகப் பிதுங்கும். முத்திரை குத்திய பிறகே கறுப்புப் பூச்சு ஏறியது என்பதால் பூச்சு பள்ளத்துக்குள்ளும் இருக்க வேண்டும். பள்ளத்துக்குள் வெள்ளி போலப் புது உலோகம் பளிச்சிட்டால் முத்திரை நேற்று குத்தியது.

அடுத்தது "இங்கிலாந்து" என்ற ஆங்கிலச் சொல். விற்பவர் இதைப் பெருமையாகக் காட்டுவார்: "பாருங்கள், இங்கிலாந்தில் செய்தது." படைக்கு வழங்கும் கத்தியில் எந்த நாட்டில் செய்தது என்று எழுத வேண்டிய தேவை என்ன? அந்தச் சொல் ஏற்றுமதிக்கானது. அமெரிக்கா 1890 முதலே இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தது. ஆகவே கார்டில் அந்தச் சொல் இருந்தால் பெரும்பாலும் போருக்குப் பிந்தைய வியாபாரச் சரக்கு. "ஷெஃபீல்டு, இங்கிலாந்து" என்று அலகில் இருந்தாலும் அதே கதை. ஷெஃபீல்டின் வில்லியம் ராட்ஜர்ஸ் பெயரோடு வரும் கத்திகள் இந்த வகை. நல்ல கத்திகள்தான், ஆனால் நார்மண்டிப் போர்க்களத்தைப் பார்த்தவை அல்ல.

படி 6: உறை

உறையைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. எனக்கோ உறைமீதுதான் காதல்.

மூல உறை பழுப்புத் தோல். முனையில் உலோகப் பூண். ஆரம்பத்தில் பூணுக்கும் நிக்கல், பிறகு கறுப்பு. கத்தியின் பிடி போன போக்கிலேயே பூணும் போனது. பிடியைச் சுற்றிப் பிடிக்க ஓர் எலாஸ்டிக் பட்டை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு தோல் காதுகள். அவை பெல்ட்டுக்கானவை அல்ல, கால்சட்டையிலோ வேறு எங்காவதோ உறையைத் துணியோடு தைத்துக்கொள்ள. வேண்டாம் என்று நினைத்த சிப்பாய்கள் காதுகளை வெட்டி எறிந்தார்கள். அதனால் காதில்லாத உறையைப் பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள், வெட்டிய தடத்தைப் பாருங்கள். வெட்டும் மற்றத் தோலைப் போலவே கறுத்து முதிர்ந்திருந்தால் அது அந்தக் காலத்து வெட்டு.

எலாஸ்டிக் மட்டும் இன்னும் வில் போல இழுபட்டால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ரப்பர் எண்பது வருடம் தாங்காது. மாற்றியதில் தவறில்லை, சொல்லாமல் விற்பதுதான் தவறு. நிக்கல் பிடியுள்ள கத்தியும் கறுப்புப் பூண் உறையும் சேர்ந்து வந்தால் ஜோடி பிற்பாடு சேர்ந்திருக்கலாம். படையிலேயே உறைகள் மாறியிருக்கும் என்பதால் இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. விலை பேச ஒரு பிடி கிடைத்தது, அவ்வளவுதான்.

படி 7: ஒன்றுவிட்ட சகோதரர்களைப் பிரித்தல்

எஃப்-எஸ் போலவே தெரியும் மூன்று அமெரிக்கக் கத்திகள் உண்டு. ஓஎஸ்எஸ் உளவு அமைப்புக்காக லேண்டர்ஸ், ஃப்ராரி அண்ட் கிளார்க் செய்த கத்தி பார்வைக்கு இரண்டாம் பேட்டர்ன் மாதிரியே இருக்கும், முத்திரை எதுவும் கிடையாது. அதைக் காட்டிக்கொடுப்பது உறைதான்: தோசைத் திருப்பி போன்ற உலோகத் தகடு அதில் இருக்கும். சமையலறைச் சாமான் செய்த கம்பெனி, கையில் இருந்த திருப்பித் தகட்டையே உபயோகித்தது என்பார்கள். மரைன் ரெய்டர்கள் என்ற அமெரிக்க அதிரடிப் படையினருக்கு கேமிலஸ் நிறுவனம் செய்த கத்தியில் பிடி துத்தநாகக் கலவை. அது காலப்போக்கில் தானாகவே வெடித்து உதிரும், எனவே முழுசாக இருக்கும் பிடிதான் அபூர்வம். கேஸ் நிறுவனம் செய்த வி-42-இல் தோல் வளையப் பிடியும் கூரான உச்சியும் இருக்கும், கட்டைவிரல் வைக்க ரிகாஸோவில் வரிவரியான இடமும் உண்டு. அதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

படி 8: எல்லாவற்றையும் ஒரே காலத்தில் நிறுத்துங்கள்

ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: கார்டு, அலகின் அடி, பிடி, முத்திரை, உறை. ஒவ்வொன்றுக்கும் நேரே அது எந்தக் காலத்தைச் சொல்கிறது என்று குறியுங்கள். எஸ் கார்டு, ரிகாஸோ, நிக்கல் கட்டப்பிடி, அமிலப் பொறிப்பு எல்லாம் 1941-42 என்று ஒத்துப்போனால் முதல் பேட்டர்ன். நேர் கார்டு, ரிகாஸோ இல்லை, கட்டப்பிடி என்றால் 1942-43. நேர் கார்டு, வளையப்பிடி, புடைப்பு எண், அம்புக்குறி என்றால் 1943-45. சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரண்பட்டால், எது மிகச் சுலபமாக மாற்றக்கூடியதோ அதை முதலில் சந்தேகியுங்கள்: உறை, பிறகு முத்திரை, பிறகு பிடி, பிறகு கார்டு. அலகின் அடிப்பகுதி சொல்வதைக் கடைசிவரை நம்பலாம். ரிகாஸோ இல்லாத அலகில் யாராலும் ரிகாஸோவை ஒட்ட முடியாது.

நான் ஏமாந்த அந்தக் கத்தியை இந்தத் தாளில் போட்டுப் பார்த்தேன். எஸ் கார்டு இருந்தது, அகலம் 2 அங்குலம். ரிகாஸோ இல்லை. எழுத்தில் சூடு பட்ட நிறம். மூன்று நிமிட வேலை, வாங்கும் முன் செய்திருக்கலாம்.

வாங்கும் முன்னும் பின்னும்

ஆன்லைனில் வாங்குவதானால் விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: கார்டின் பக்கவாட்டுத் தோற்றம் அளவுகோலோடு, அலகின் அடி இரண்டு பக்கமும், உச்சி நட்டு, உறையின் பின்புறம். இவற்றைத் தரத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

சட்டம் ஊருக்கு ஊர் மாறும். பிரிட்டனில் வீட்டுச் சேகரிப்பில் வைத்திருப்பது வேறு, பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது வேறு. பின்னதற்குச் சிறைவரை போகலாம். இந்தியாவில் இருப்பவர்கள் இருபுறமும் கூரான குத்துக்கத்தி 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் பார்வைக்குள் வரும் பொருள் என்பதை நினைவில் வைத்து, உரிமமும் இறக்குமதி விதியும் விசாரித்த பிறகே ஆர்டர் போடுங்கள். சுங்கத்தில் மாட்டினால் அது எந்தப் பேட்டர்ன் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

வாங்கி வந்த பிறகு பித்தளை பாலிஷ் பக்கமே போகாதீர்கள். மெல்லிய துணியில் இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டு அலகைத் துடைத்தால் போதும், பிடியைத் தொடவே வேண்டாம். கத்தியை உறைக்குள் வைத்துப் பெட்டியில் பூட்டுவதும் தவறு. பதனிட்ட தோல் ஈரத்தை இழுக்கும், பித்தளையில் பச்சை பூக்கும், அலகில் புள்ளி புள்ளியாகத் துரு விழும். கத்தியையும் உறையையும் ஒரே இழுப்பறையில், ஆனால் தனித்தனியாக, உலர்ந்த காட்டன் துணியில் சுற்றி வையுங்கள்.